எங்கள் சட்டையின் மச்சம்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். கையில் இருப்பதை எடுத்து மேஜையில் ஓங்கி வைப்பேன். அன்றைக்குக் கையில் இருந்தது போன். கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்தது. இன்றுவரை அதை நான் மாற்றவில்லை.

போனில் வந்த செய்தி இதுதான். நான் ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்த எங்கள் கால்பந்து கிளப்பின் சட்டையை அந்த விற்பனைத் தளம் தூக்கிவிட்டது. சட்டையின் நெஞ்சில் இருக்கும் நங்கூரச் சின்னம் வேறொரு கம்பெனிக்குச் சொந்தமாம். நான் அதை எடுத்து அச்சடித்து விற்கிறேனாம். திருடி என்று எழுதவில்லை, உரிமை மீறல் என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் திருடி திருடிதானே.

அந்த நங்கூரத்தை வரைந்தவளே நான்தான்.

ராயபுரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கட்சிக்கொடி, மாதா கோயில் திருவிழா பனியன், பள்ளிக்கூட விளையாட்டு விழா சட்டை, எது வந்தாலும் அடிப்பேன். என் தம்பி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். கிளப்புக்கு அவன்தான் செயலாளர். அவனிடம் செய்தியைக் காட்டியபோது சிரித்தான்.

"டுபாக்கூர் மெசேஜ்க்கா இது. எதையும் அமுக்கிடாத, பேங்க்ல கீற துட்டு பூடும்."

இரண்டு நாள் கழித்து அவனே முகம் செத்துப்போய் வந்து நின்றான். கிளப்பின் ஆட்டங்களைப் போட்டுவைத்திருந்த எங்கள் வீடியோ பக்கத்தையும் அதே கம்பெனி புகார் கொடுத்து முடக்கிவிட்டது. அதைவிட மோசமான ஒன்று அவன் சட்டைப்பையில் இருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் திருவொற்றியூரில் நடக்கப்போகும் கால்பந்துப் போட்டியின் அமைப்பாளர்கள் கொடுத்த கடிதம். இந்த முறை ஆட்டங்களை ஒரு விளையாட்டு ஆப்பில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள். புகார் உள்ள சின்னம் திரையில் தெரிந்தால் நேரலையையே நிறுத்திவிடுவார்களாம். ஆகவே சின்னம் உங்களுடையது என்று எழுத்தில் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் சின்னம் இல்லாத சட்டையில் வந்து ஆடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஏழு வாரம் இருந்தது.

கம்பெனிக்காரன் எங்கே பார்த்தான் எங்கள் சட்டையை என்று யோசித்தபோது விளங்கியது. போன வருஷம் கொட்டுகிற மழையில் எங்கள் பையன் மூன்று பெனால்டியைத் தடுத்தான். யாரோ போனில் எடுத்த அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சேறு அப்பிய நங்கூரம் அதில் பளிச்சென்று தெரியும். சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டுத்தான் நானே ஆன்லைனுக்குப் போனேன். அதற்குள் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் அதை அப்படியே எடுத்துப் பதிவுக்கும் போட்டுவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

கிளப் பையன்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான், "வெத்து சட்டையே போட்டுகினு ஆடிடலாம்க்கா. கோலு வுழுந்தா போதாதா?" மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

அப்போது எங்கள் பழைய கோல்கீப்பரின் மனைவி கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காசிமேட்டில் விசைப்படகில் போனவர். நெஞ்சுவலியில் இறந்து பல வருஷம் ஆகிறது. சாவதற்கு முன்னால் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதன்படி கோட்டு சூட்டு போடாமல் கிளப் சட்டையைப் போட்டுத்தான் அவரைப் பெட்டியில் வைத்தோம்.

"அது எவனோடதோன்னு ஆயிடுச்சின்னா, மண்ணுக்குள்ள அவரு போட்டுகினு கீறாரே, அத இன்னா பண்ணுவானுங்க? தோண்டி கழட்டினு போவானுங்களா?" என்று கேட்டாள்.

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அந்த நங்கூரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த புதிதில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் வந்து கிளப்புக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றார்கள். புலி போடு, கழுகு போடு என்று ஆளுக்கு ஒன்று. புலியை எவன்டா ராயபுரத்தில் பார்த்தான் என்று திட்டிவிட்டு, காசிமேட்டில் ஃபைபர் படகுகளில் கிடக்கும் நங்கூரத்தைப் பார்த்து வரைந்தேன். கப்பல் நங்கூரத்துக்கு இரண்டு கை. எங்கள் படகு நங்கூரத்துக்கு நாலு வளைந்த கொக்கி, பக்கவாட்டில் பார்த்தால் மூன்றுதான் தெரியும். மூன்றோடு வரைந்தேன்.

அப்போது என்னிடம் விளக்குப் பெட்டி எல்லாம் கிடையாது. ஃபிரேம் என்கிற மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, மருந்து பூசிக் காயவைத்து, படத்தை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் காட்டுவேன். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். படம் மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் கரைந்து வழிவிடும், அது வழியாக மை இறங்கும். அது துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். அந்தக் கரித்தூளில் ஒரு துணுக்கு என் கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கழுவியபோது அந்த இடமும் கரைந்து, மூன்றாவது கொக்கிக்குக் கீழே ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை.

அவசரத்தில் அதை அடைக்காமலே அச்சடித்துவிட்டேன். பதினெட்டுச் சட்டையிலும் நங்கூரத்துக்குக் கீழே ஒரு புள்ளி. அடுத்த தடவை அடைத்துவிடுகிறேன் என்றேன். அதற்குள் அந்தச் சட்டையோடு முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். பிறகு யார் விடுவார்கள்? "அது மச்சம்க்கா, அத்த தொடாத" என்று தம்பி சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஃபிரேம் மாற்றும்போதெல்லாம் அதே இடத்தில் நானே ஊசியால் குத்திவைக்கிறேன். மச்சம் இல்லாத சட்டையை எங்கள் பையன்கள் கையால் தொடமாட்டார்கள்.

கம்பெனி பதிவுக்குக் கொடுத்திருந்த சின்னத்தை நான் தேடிப்போன வக்கீல் எனக்கு முதன்முதலில் கணினியில் பெரிதாக்கிக் காட்டியபோது, மூன்றாவது கொக்கிக்குக் கீழே அந்த மச்சமும் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவன் பிள்ளையின் மச்சத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

வக்கீல் சின்னப் பெண். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். கடைக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். மிளகாய் மூட்டை நெடி மாடிவரைக்கும் வரும். நான் தும்மிக்கொண்டே என் நியாயத்தை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். கம்பெனிக்கு இன்னும் பதிவு கிடைக்கவில்லை. விண்ணப்பம் அரசாங்க இதழில் வெளியாகியிருக்கிறது, நாலு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். முதலில் விண்ணப்பித்தவனைவிட முதலில் பயன்படுத்தியவனுக்கு உரிமை அதிகம். படத்தை வரைந்தவளுக்கு எங்கேயும் பதியாமலே அந்தப் படத்தின்மேல் உரிமை உண்டு.

"அப்போ முடிஞ்சிதும்மா. நான்தான் வரஞ்சேன். வேற இன்னா வேணும்?" என்றேன்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும் அக்கா. காகிதத்துக்குத் தெரியணுமே. பழைய பில் இருக்கா?"

பில்லா? வாயால் சொல்லி வாயால் முடிகிற கணக்கு எங்களுடையது. ஆல்பங்கள் சென்னைப் பெருவெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. பையன்களின் போனில் இருந்த படங்கள் எல்லாம் சமீபத்தவை. "வருஷம் அச்சடிச்ச காகிதம் ஒண்ணு வேணும் அக்கா. அதுல இந்தச் சின்னம் தெரியணும். நாம தயார் பண்ணினதா இருக்கக் கூடாது" என்றாள். அவள் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து ஓங்கி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், அது தனி.

மூன்று வாரம் ஓடியது. கிளப்பின் பெயரில் ஆட்சேபத்தை அவள் போட்டுவிட்டாள், ஆனால் ஆதாரம் என்ற இடத்தில் என் வாய்ச்சொல்தான் இருந்தது. கம்பெனியிடமிருந்து பதிலும் வந்தது. நங்கூரம் பொதுவான அடையாளம், ஆனால் இந்த வடிவம் எங்கள் கலைஞர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகக் கற்பனை செய்தது என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே உள்ள புள்ளி, மாலுமிகளுக்கு வழிகாட்டும் துருவ நட்சத்திரத்தைக் குறிக்கிறதாம். வக்கீல் அதை வாசித்தபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், என்னால் அந்தச் சோற்றைக் கிளறிக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

வழி கோயிலில் கிடைத்தது. மாதா வந்து சொன்னாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பர் மனைவி ஜெபப்புத்தகத்தைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஓர் அட்டை வழுக்கி என் காலடியில் விழுந்தது. அவள் புருஷனின் நினைவு அட்டை.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் பூசைக்கு இப்படி ஓர் அட்டை அடித்துக் கொடுப்பார்கள். முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் ஒரு ஜெபம், பிறந்த நாள், இறந்த நாள், கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். அதை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். எங்கள் கிளப்காரர்களுக்கு ஒரு வழக்கம், அட்டைக்குக் கிளப் சட்டை போட்ட போட்டோவைத்தான் கொடுப்பார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த மனுஷன்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்ததே கோப்பை வாங்கிய அன்றைக்குத்தான்.

குனிந்து எடுத்தேன். கையில் பந்தை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சில் நங்கூரம். மூன்றாவது கொக்கிக்குக் கீழே மச்சம். திருப்பினால் இறந்த தேதி. கம்பெனிக்காரன் கற்பனை செய்ததாகச் சொன்ன நாளுக்குப் பதினோரு வருஷம் முந்தியது. சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் விஷயத்தைச் சொல்லி, அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்த அட்டையைக் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணுதான்க்கா கீது. மத்ததெல்லாம் வெள்ளத்துல பூட்ச்சி. செத்தப்புறமும் அவர கேஸுக்கு இஸ்துகினு போணுமா?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு தானே நீட்டினாள்.

"உயிரோட இருந்தா முன்னாடி நின்னு அவனுங்க சட்டைய புட்சி இருப்பாரு. இட்டுகினு போ. ஜெயிச்சாலும் தோத்தாலும் என் புக்காண்ட கொண்ணாந்து வுட்டுடணும்."

அதற்குப் பிறகு நானும் தம்பியும் வீடு வீடாக ஏறினோம். பைபிளுக்குள்ளிருந்து, பீரோ கதவிலிருந்து, மணிபர்சிலிருந்து அட்டைகள் வந்தன. நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டில் பழைய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை மடித்துப் பரணில் வைத்திருந்தார்கள், அதிலும் நங்கூரம். எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு அம்மா, கடலோரக் குடிசையிலிருந்து இங்கே மாற்றிவிட்டபோது எடுத்துவந்தது நாலு பாத்திரமும் இந்த அட்டையும்தான் என்று சொல்லி மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்து, அவரவர் ஆளைப் பற்றி ஒரு கதை கேட்டு, அதில் பாதி பொய் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஒன்பது அட்டை, இரண்டு சுவரொட்டி. ஒன்பதிலும் தேதி. ஒன்பதிலும் மச்சம்.

வக்கீல் அவற்றைத் தன் மேஜையில் வருஷ வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் நெடி என்றாள். நான் நம்பினதாகக் காட்டிக்கொண்டேன்.

பிரதிகளை அவள் கம்பெனிக்கும் விற்பனைத் தளத்துக்கும் அனுப்பினாள். நாலாம் நாள் கம்பெனித் தரப்பு வீடியோவில் பேசலாம் என்று கூப்பிட்டது. போட்டிக்குப் பத்து நாள்தான் பாக்கி. மிளகாய் மூட்டைகளுக்கு மேலே அந்த அறையில் வக்கீல், நான், தம்பி. திரையில் கம்பெனியின் மேலாளரும் அவர்களுடைய வக்கீலும். இருவருக்கும் நல்ல சட்டை, நல்ல வெளிச்சம். அவர்கள் வக்கீல் முதலில் இனிப்பாகப் பேசினார். ஒரே மாதிரிச் சிந்தனை இரண்டு பேருக்கு வரலாம், தற்செயல் என்றார்.

எங்கள் வக்கீல் பெண் தலையாட்டினாள். "வரலாம் சார். அந்தப் புள்ளி என்னன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

"துருவ நட்சத்திரம்" என்றார் மேலாளர்.

அவள் ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள். தேதியை மட்டும் வாசித்தாள். ஒன்பது மனுஷர்கள் திரையில் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளத்தில் தப்பிய என் முதல் ஃபிரேமைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடை உத்தரத்தில் மாட்டிவைத்திருந்ததால் பிழைத்தது அது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நங்கூரம் முழுதும் வெளிச்சமாகத் தெரிந்தது. அதன் கீழே, தனியாக, அந்த ஒரு பொட்டு வெளிச்சம்.

"சார், அது நட்சத்திரம் இல்ல. கரித்தூளு. ஹார்பர்ல எறக்கன கரி பறந்து வந்து என் கண்ணாடி மேல குந்திச்சி, அந்த ஓட்டை இது" என்றேன். "நாங்க முயுங்கினது போக மிச்சம். அத்தயும் உங்க கலைஞரு கற்பனை பண்ணாரா?"

திருடனைத் தேள் கொட்டினமாதிரி இருந்தார்கள் இரண்டு பேரும். அவர்கள் வக்கீல் ஒலியை நிறுத்திவிட்டு மேலாளரிடம் ஏதோ பேசினார். மேலாளர் கையைக் கையை ஆட்டினார். திரும்ப ஒலி வந்தபோது, அந்தச் சின்னத்தை நாங்கள் விற்க விரும்புகிறோமா என்று மேலாளரே கேட்டார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், நான் எதையாவது எடுத்து மேஜையில் போட்டுவிடுவேன் என்று. தேவையே இல்லை. எனக்கு அப்போது கோபமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கடிதம் வந்தது. புகார்களையும் எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தின் பிரதியைத் தம்பி போட்டி அமைப்பாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். வீடியோ பக்கம் திறந்தது, என் கடையின் சட்டை ஆன்லைனில் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. வக்கீல் அன்றைக்கே கிளப்பின் பெயரில் விண்ணப்பம் போட்டாள். சின்னத்தை விவரிக்கிற இடத்தில், மூன்று கொக்கி நங்கூரம், அதன் கீழே ஒரு புள்ளி என்று எழுதினாள். அந்தப் புள்ளியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம்.

அட்டைகளை ஒவ்வொன்றாக அதனதன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோல்கீப்பருடையதை மட்டும் போட்டி நாளன்று மைதானத்துக்கே எடுத்துப்போனேன், அவள் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். புதுச் சட்டை, மை வாசனைகூடப் போகவில்லை. கேமராக்காரன் ஒவ்வொரு நெஞ்சாகக் காட்டிக்கொண்டே போவது தம்பியின் போனில் தெரிந்தது. என் மச்சத்தை ஊரே பார்த்தது. அன்றைக்கு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம், அதற்கு நடுவர்தான் காரணம், அதை இங்கே எழுதினால் எனக்கு இன்னொரு வக்கீல் வேண்டும்.

அட்டையை அவள் கையில் கொடுத்தேன். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். ஜெபப்புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து உள்ளே வைப்பதற்கு முன்னால், அவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"யோவ், போட்டுகினே இரு. இனிமே எவனும் கேக்கமாட்டான்."